காப்பீட்டு அட்டையோடு கண் மருத்துவரைத் தேடுவது எப்படி? தமிழ்நாட்டுக் குடும்பங்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

வீட்டில் ஒருவருக்குப் பார்வை மங்கத் தொடங்கியதும், பீரோவில் பத்திரப்படுத்திய காப்பீட்டு அட்டையை வெளியே எடுத்து, "இந்த அட்டையை எந்தக் கண் டாக்டர் ஏற்றுக்கொள்வார்?" என்று அக்கம்பக்கத்தில் விசாரிப்பதுதான் நம்மில் பெரும்பாலோர் செய்யும் முதல் காரியம். கேள்வி இயல்பானதுதான், ஆனால் அதை அப்படியே கேட்டுக்கொண்டு போனால் அலைச்சல்தான் மிஞ்சும். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் தனிப்பட்ட மருத்துவரோடு செய்துகொண்ட ஏற்பாடு அன்று. அது மருத்துவமனையோடும், அதிலும் குறிப்பிட்ட துறையோடும், அந்தத் துறைக்குள்ளும் பெயர் சொல்லிப் பட்டியலிட்ட சிகிச்சைகளுக்காகச் செய்துகொண்ட ஏற்பாடு. ஆகவே தேடும் வரிசையைத் தலைகீழாக்க வேண்டும்: கண்ணுக்கு என்ன நோய், அதற்கு என்ன சிகிச்சை, அந்தச் சிகிச்சையைத் திட்டத்தின் கீழ் செய்கிற மருத்துவமனை எது என்று பார்த்துவிட்டு, கடைசியில்தான் மருத்துவரிடம் வரவேண்டும்.

அட்டையைத் தேடாமல் உடனே கிளம்ப வேண்டிய நேரங்கள்

வழிமுறைக்குள் போவதற்கு முன் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். சட்டென்று ஒரு கண்ணில் பார்வை போவது, கண்ணுக்குள் மின்னல் வெட்டுவதுபோல் ஒளி தோன்றிக் கரும்புள்ளிகள் கூட்டமாக மிதப்பது, ஒரு பக்கத்திலிருந்து திரை இறங்குவதுபோல் காட்சி மறைவது, கண் சிவந்து கடும் வலியோடு தலைவலியும் வாந்தியும் வருவது, பட்டாசோ கம்பியோ கண்ணில் பட்டுக் காயமாவது ஆகிய எதற்கும் காப்பீட்டு விசாரணை முடியும்வரை காத்திருக்கக் கூடாது. கண் பிரிவு உள்ள அருகிலுள்ள அரசு மருத்துவமனைக்கோ கண் மருத்துவமனைக்கோ அன்றே போய்விட வேண்டும். அட்டையை வீட்டிலிருந்து யாராவது பின்னால் கொண்டுவரலாம்.

வெற்றிலைக்கு வைத்திருக்கும் சுண்ணாம்பைப் பிதுக்கி விளையாடும் குழந்தையின் கண்ணில் அது தெறிப்பது நம் வீடுகளில் நடக்கிற விபத்து. சுண்ணாம்போ ஆசிட்டோ பட்டால், வண்டி தேடுவதற்கும் முன்பு, கண்ணைத் திறந்துபிடித்துச் சுத்தமான தண்ணீரால் குறைந்தது 15 நிமிடமாவது தொடர்ந்து கழுவ வேண்டும். வயல் வேலையில் நெல் தாளோ உமியோ பட்டு உறுத்தும் கண்ணுக்குத் தாய்ப்பால், விளக்கெண்ணெய், இலைச்சாறு விடும் பழக்கம் இன்னும் முற்றிலும் போகவில்லை. அப்படிப்பட்ட சிறு கீறல் வழியாகப் பூஞ்சை புகுந்து கருவிழியில் புண் உண்டாவது நம் கிராமங்களில் பார்வையிழப்புக்கு ஒரு முக்கியக் காரணம். மருந்துக் கடையில் கேட்டு வாங்கும் ஸ்டீராய்டு கலந்த சொட்டு மருந்து அந்தப் புண்ணை இன்னும் மோசமாக்கிவிடும்.

அட்டை எதற்கு உதவும், எதற்கு உதவாது

2009 ஜூலையில் கலைஞர் காப்பீட்டுத் திட்டம் என்ற பெயரில் தொடங்கி, 2012 ஜனவரியில் இப்போதைய பெயரில் மாற்றி அமைக்கப்பட்ட இந்தத் திட்டம், 2018 செப்டம்பரில் ஒன்றிய அரசின் பிரதம மந்திரி ஜன ஆரோக்கிய யோஜனாவோடு, அதாவது பேச்சு வழக்கில் ஆயுஷ்மான் பாரத் என்று சொல்லப்படுவதோடு, இணைக்கப்பட்டது. ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை என்பது உச்ச வரம்பு. அந்தத் தொகை ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக இல்லை, வீட்டார் அனைவருக்கும் பொது. பொதுத்துறை நிறுவனமான யுனைடெட் இந்தியா இன்சூரன்ஸ் வழியாகத் திட்டம் நடக்கிறது.

பலரும் ஏமாறுகிற இடம் இங்கேதான் இருக்கிறது. இது அடிப்படையில் மருத்துவமனையில் சேர்ந்து பெறும் சிகிச்சைகளுக்கான காப்பீடு. சேர்க்கை தேவைப்படாத சில பரிசோதனைகளும் பட்டியலில் உண்டு என்றாலும், வாசலில் டோக்கன் வாங்கி மருத்துவரைப் பார்ப்பதற்கான கட்டணம், கண்ணாடிக்கு அளவு பார்ப்பது, கண்ணாடியின் விலை, கடையில் வாங்கும் சொட்டு மருந்து ஆகியவற்றுக்கு அட்டையை நீட்ட முடியாது. முதலில் கைப்பணத்தைக் கட்டிவிட்டு, பிறகு ரசீதைக் கொடுத்துத் திரும்பப் பெறலாம் என்று நினைப்பதும் தவறு. திட்டத்தில் சேர்ந்த மருத்துவமனை, முன் அனுமதி பெற்று, பணம் வாங்காமல் செய்யும் சிகிச்சை மட்டுமே கணக்கில் வரும்.

கண் பிரிவில் விழித்திரை விலகலுக்கான அறுவை, விட்ரெக்டமி எனப்படும், கண்ணுக்குள் இருக்கும் கூழ் போன்ற பொருளை அகற்றும் அறுவை, நீரிழிவால் கெட்ட விழித்திரைக்கு லேசர், கருவிழி மாற்று, மாறுகண் திருத்தம் போன்ற செலவு மிகுந்த சிகிச்சைகள் பட்டியலில் இடம்பெற்றவை. பெரியவர்களுக்கு வரும் சாதாரணக் கண்புரைக்குப் பெரும்பாலும் வேறு வழி இருக்கிறது. அதைப் பின்னால் தனியாகச் சொல்கிறேன். பட்டியலும் தொகையும் திட்டம் புதுப்பிக்கப்படும்போது மாறுவதால், நான்கு வருடங்களுக்கு முன் பக்கத்து வீட்டுக்காரருக்குக் கிடைத்தது இன்று உங்களுக்கும் கிடைக்கும் என்றோ, கிடைக்காது என்றோ முடிவு செய்துகொள்ள வேண்டாம்.

கையில் இருப்பது எந்தக் காப்பீடு?

ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்கு உட்பட்ட குடும்பங்களுக்கு முதலமைச்சர் திட்டம் பொருந்தும். 2022க்கு முன் இந்த வரம்பு 72,000 ரூபாயாக இருந்தது; அப்போது தகுதி இல்லை என்று திருப்பி அனுப்பப்பட்டவர்கள் மறுபடி முயன்று பார்க்கலாம். முகாம்களில் வாழும் இலங்கைத் தமிழர்களுக்கு வருமான வரம்பு இல்லாமலே திட்டம் உண்டு என்பது முகாமுக்கு வெளியே மட்டுமல்ல, உள்ளேயும் பலருக்குத் தெரிவதில்லை.

கம்பெனியில் வேலை பார்த்து மாதம் 21,000 ரூபாய் வரை சம்பளம் வாங்கும் தொழிலாளிக்கும் அவரைச் சார்ந்தவர்களுக்கும் இ.எஸ்.ஐ. என்ற தொழிலாளர் அரசுக் காப்பீடு இருக்கும். சம்பளச் சீட்டில் 0.75 சதவீதம் பிடித்திருக்கிறார்களா என்று பார்த்தாலே தெரிந்துவிடும். இ.எஸ்.ஐ.யின் பாதை முற்றிலும் வேறு: உங்கள் பெயர் இணைக்கப்பட்ட இ.எஸ்.ஐ. மருந்தகத்தில்தான் தொடங்க வேண்டும், அங்கிருந்து இ.எஸ்.ஐ. மருத்துவமனைக்கும், அங்கே வசதி இல்லாவிட்டால் ஒப்பந்தத் தனியார் மருத்துவமனைக்கும் பரிந்துரைக் கடிதத்தோடு போக வேண்டும். இதில் முதலமைச்சர் திட்டத்தில் இல்லாத ஒரு வசதி உண்டு: புறநோயாளி பரிசோதனையும் மருந்தும் சேர்ந்தே வரும். ஆனால் பரிந்துரைக் கடிதம் இல்லாமல் நேரே தனியார் மருத்துவமனைக்குப் போய்விட்டு, அவசரமும் இல்லாத நிலையில், பின்னால் பணம் கேட்பது எளிதில் நடக்கிற காரியம் அன்று.

அரசு ஊழியர்களுக்கும் ஓய்வூதியர்களுக்கும் மாநில அரசின் தனித் திட்டங்கள் இருக்கின்றன, ஒன்றிய அரசு ஊழியர்களுக்கு சி.ஜி.எச்.எஸ். என்ற மருத்துவத் திட்டம் இருக்கிறது. அவற்றின் மருத்துவமனைப் பட்டியல்கள் வேறு. ஒரு மருத்துவமனை முதலமைச்சர் திட்டத்தில் இருப்பதால் இவற்றிலும் இருக்கும் என்று கொள்ளக் கூடாது. பிற மாநிலங்களிலிருந்து இங்கே வேலைக்கு வந்து ஆயுஷ்மான் அட்டை வைத்திருப்பவர்கள் 14555 என்ற எண்ணில் தங்களுக்கான மருத்துவமனையைக் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். இனி நான் சொல்லப்போவது பெரும்பாலும் முதலமைச்சர் திட்டத்தைப் பற்றியது.

அட்டை செல்லுபடியாகிறதா என்று பார்ப்பது

அட்டை இருப்பதும், அது கணினியில் வேலை செய்வதும் ஒன்றல்ல. சிஎம்சிஹெச்ஐஎஸ்டிஎன் டாட் காம் என்ற திட்ட இணையதளத்திலோ, 1800 425 3993 என்ற கட்டணமில்லா எண்ணிலோ, குடும்ப அட்டை விவரத்தைக் கொடுத்து உங்கள் குடும்பம் பதிவாகியிருக்கிறதா என்று கேளுங்கள். பதிவு இல்லையென்றால், கிராம நிர்வாக அலுவலரிடம் வருமானத்துக்கான சான்று பெற்று, குடும்ப அட்டையும் வீட்டார் ஆதார் அட்டைகளும் எடுத்துக்கொண்டு, மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் உள்ள காப்பீட்டுத் திட்டப் பதிவு மையத்துக்குப் போக வேண்டும். சிகிச்சை யாருக்கோ அவருடைய பெயர் குடும்ப அட்டையில் இருந்தாக வேண்டும். மகன் வீட்டுக்கு வந்துவிட்ட தாயின் பெயர் சொந்த ஊர்க் குடும்ப அட்டையிலேயே இருந்தால், அந்த அட்டையின் பேரில்தான் அவருக்குக் காப்பீடு.

என் பெரியம்மாவுக்கு விழித்திரை அறுவை தேவைப்பட்டபோது நாங்கள் இழந்தது பதினோரு நாள். குடும்ப அட்டையில் அவருக்குக் கணவர் பெயரின் முதலெழுத்து, ஆதாரில் தகப்பனார் பெயரின் முதலெழுத்து. பிறந்த ஆண்டிலும் மூன்று வருட வித்தியாசம். சேர்க்கை நாளன்று காப்பீட்டு மேசையில் அதைக் கண்டுபிடித்து, "திருத்தி வாருங்கள்" என்றார்கள். அவர்கள் சொன்னதில் தவறில்லை. எங்களுக்கு அது முன்பே தெரிந்திருக்க வேண்டும் என்பதுதான் என் வருத்தம். ஆதார், குடும்ப அட்டை, காப்பீட்டு அட்டை ஆகிய மூன்றையும் மேசைமேல் வரிசையாக வைத்து, பெயர், முதலெழுத்து, வயது, பாலினம் நான்கும் ஒத்துப்போகின்றனவா என்று பார்ப்பதற்கு ஐந்து நிமிடம் போதும். கண் நன்றாக இருக்கும்போதே அதைச் செய்துவிடலாம்.

நோயின் பெயரைத் தெரிந்துகொள்வது

"கண்ணில் பூ விழுந்திருக்கிறது", "சதை வளர்ந்திருக்கிறது", "கண் நரம்பு வீக்", "கண்ணில் பிரஷர்" என்று நாம் சொல்லும் சொற்கள் வீட்டில் புரியும், காப்பீட்டு மேசையில் புரியாது. பூ என்பது கருவிழித் தழும்பாகவும் இருக்கலாம், முற்றிய கண்புரையாகவும் இருக்கலாம்; இரண்டுக்கும் சிகிச்சை வேறு, மருத்துவமனை வேறு, பணம் வரும் வழியும் வேறு. எனவே முதல் பரிசோதனையின் நோக்கம், மருத்துவரின் கையெழுத்தோடும் முத்திரையோடும் நோயின் பெயரையும், தேவைப்படும் சிகிச்சையின் பெயரையும் எழுதி வாங்குவது.

அந்தப் பரிசோதனையைச் செலவில்லாமல் செய்துகொள்ள வழி இருக்கிறது. வட்டார அளவிலான ஆரம்ப சுகாதார நிலையங்களில் கண் மருத்துவ உதவியாளர் இருப்பார். அவர் பார்வை அளவைச் சோதித்து, கண்புரை இருக்கிறதா என்று பார்த்து, மேலே அனுப்புவார். எந்தக் கிழமையில் இருப்பார் என்று முன்கூட்டிக் கேட்டுவிட்டுப் போவது நல்லது, ஏனெனில் பள்ளிப் பரிசோதனைக்கும் முகாமுக்கும் அவர்தான் போக வேண்டியிருக்கும். மாவட்டத் தலைமை மருத்துவமனைகளிலும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் முழுமையான கண் பிரிவு உண்டு. காலையிலேயே போய்ப் புறநோயாளிச் சீட்டு வாங்கிவிட வேண்டும். கண்மணியை விரிக்கும் சொட்டு மருந்து விட்டுவிட்டு உட்கார வைப்பார்கள் என்பதால் அரை நாள் போய்விடும், அன்று வண்டி ஓட்டிக்கொண்டு திரும்ப முடியாது, துணைக்கு ஒருவர் வேண்டும்.

சென்னை, செங்கல்பட்டு, திருவள்ளூர், காஞ்சிபுரம் பகுதியினருக்கு எழும்பூர் அரசு கண் மருத்துவமனை இருக்கிறது. 1819இல் தொடங்கிய அந்த நிறுவனம், லண்டனின் மூர்ஃபீல்ட்ஸுக்கு அடுத்து உலகிலேயே பழமையான கண் மருத்துவமனை என்று சொல்லப்படுகிறது. கிளாக்கோமா, அதாவது பெரும்பாலும் கண்ணின் உள் அழுத்தம் கூடிப் பார்வை நரம்பு கெடும் நோய்க்கான அறுவையில் பெயர் பதித்த ராபர்ட் ஹென்றி எலியட் அங்கேதான் பணியாற்றினார். அங்கே கருவிழி, விழித்திரை, கிளாக்கோமா என்று பிரிவுகள் தனித்தனியாக இருப்பதால், சிக்கலான நோய்க்கு மாவட்ட மருத்துவமனைகளிலிருந்து அங்கே அனுப்புவது வழக்கம். "அரசு ஆஸ்பத்திரியா?" என்று தயங்குகிறவர்களுக்கு ஒரு செய்தி: அரசு மருத்துவமனைகளும் காப்பீட்டுத் திட்டத்தில் சேர்ந்தவைதாம். அங்கே சிகிச்சை இலவசம்தானே என்று அட்டையை வீட்டில் வைத்துவிட்டுப் போகாதீர்கள். அட்டையைப் பதிந்தால் காப்பீட்டுத் தொகை அந்த மருத்துவமனைக்குப் போகும்.

அறக்கட்டளைகள் நடத்தும் கண் மருத்துவமனைகள் தமிழ்நாட்டின் தனிச் சொத்து. டாக்டர் கோ. வெங்கடசாமி 1976இல் மதுரையில் 11 படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை இன்று பல மாவட்டங்களில் இருக்கிறது. சிற்றூர்களில் அதன் பார்வை மையங்கள் இருக்கின்றன. 1978இல் சென்னையில் தொடங்கிய சங்கர நேத்ராலயா, திருச்சியின் ஜோசப் கண் மருத்துவமனை என்று பட்டியல் நீளும். இத்தகைய இடங்களில் கட்டணப் பிரிவு, சலுகைப் பிரிவு, இலவசப் பிரிவு, காப்பீட்டுப் பிரிவு என்று வாசல்கள் வேறு வேறாக இருக்கலாம். எந்த வாசலில் முதல் சீட்டு போடுகிறீர்களோ அந்தக் கணக்கில்தான் கோப்பு நகரும் என்பதால், வரவேற்பு மேசையிலேயே "காப்பீட்டு அட்டை இருக்கிறது" என்று சொல்லிவிட்டுச் சீட்டு போடுங்கள்.

இங்கே கண்ணாடிக் கடையை மருத்துவமனையோடு குழப்பிக்கொள்ளும் வழக்கத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். கடையில் "இலவசக் கண் பரிசோதனை" செய்பவர் கண்ணாடிக்கான அளவு பார்ப்பவர். அவர் வேலை அது. நாற்பது வயதுக்கு மேல் வரும் வெள்ளெழுத்துக்கு அது போதும். கண்ணின் உள் அழுத்தத்தையும் விழித்திரையையும் பார்த்து நோயை முடிவு செய்ய வேண்டியவர் எம்.எஸ்., டி.ஓ., அல்லது டி.என்.பி. முடித்த கண் மருத்துவர். சந்தேகம் இருந்தால் அவருடைய பதிவு எண்ணைக் கேட்டுத் தமிழ்நாடு மருத்துவக் கவுன்சிலின் பதிவேட்டில் பார்க்கலாம். நல்ல மருத்துவர் எவரும் அதற்குக் கோபித்துக்கொள்ள மாட்டார்.

மருத்துவமனையைத் தேர்ந்தெடுப்பது

நோயின் பெயரும் சிகிச்சையின் பெயரும் எழுதிய சீட்டு கையில் வந்ததும்தான் உண்மையான தேடல் தொடங்குகிறது. திட்டத்தின் இணையதளத்தில் மாவட்ட வாரியாக மருத்துவமனைப் பட்டியல் இருக்கிறது. இதில் துறையைக் கவனிக்க வேண்டும்: வாசலில் திட்டத்தின் பெயர்ப்பலகை தொங்கும் பெரிய மருத்துவமனை இதயத்துக்கும் எலும்புக்கும் மட்டும் சேர்ந்திருக்கலாம், கண் பிரிவு அதில் இல்லாமல் இருக்கலாம். பெயர்ப்பலகையை நம்பிப் பேருந்து ஏறி ஏமாந்தவர்கள் நிறைய.

பட்டியலிலிருந்து இரண்டு மூன்று பெயர்களைக் குறித்துக்கொண்டு, போவதற்கு முன் தொலைபேசியில் பேசுங்கள். வரவேற்பாளரிடம் "காப்பீடு எடுத்துக்கொள்வீர்களா?" என்று மட்டும் கேட்டால் "எடுத்துக்கொள்வோம்" என்றே பதில் வரும், தனியார் காப்பீட்டை மனத்தில் வைத்துக்கூட அவர் அப்படிச் சொல்லியிருக்கலாம். முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தின் தொடர்பு அலுவலரிடம் இணைப்புக் கேட்டு, சீட்டில் உள்ள சிகிச்சையின் பெயரை எழுத்து மாறாமல் படித்துக் காட்டி, அது திட்டத்தின் கீழ் இப்போது செய்யப்படுகிறதா, அதைச் செய்யும் மருத்துவர் எந்த நாட்களில் இருப்பார், அனுமதி கிடைத்தபின் அறுவைக்கு எத்தனை நாள் காத்திருக்க வேண்டும், சேர்வதற்கு முன் செய்யும் ரத்தப் பரிசோதனைக்கும் ஸ்கேனுக்கும் நாம் பணம் கட்ட வேண்டுமா என்று நான்கையும் கேளுங்கள். பேசியவரின் பெயரையும் தேதியையும் அதே சீட்டின் பின்புறம் குறித்துக்கொள்ளுங்கள்.

இரண்டு மருத்துவமனைகள் பொருந்தி வந்தால், பெரியதை விட அருகில் இருப்பதைத் தேர்வது நல்லது என்பது என் எண்ணம். கண் சிகிச்சை ஒரே நாளில் முடிவதில்லை. மறுநாள், அடுத்த வாரம், அடுத்த மாதம் என்று திரும்பத் திரும்பப் போக வேண்டும், கிளாக்கோமாவாக இருந்தால் ஆயுள் முழுக்கப் போக வேண்டும். பயணம் கடினமாக இருந்தால் மூன்றாவது முறையோடு நின்றுவிடுகிறோம். விழித்திரை விலகல், குழந்தைகளின் கண் புற்றுக்கட்டி, கருவிழி மாற்று போன்றவற்றுக்கு மட்டும் தூரத்தைப் பார்க்காமல், அந்த அறுவையை அன்றாடம் செய்கிற இடத்துக்கே போக வேண்டும்.

முன் அனுமதியும் சேர்க்கையும்

தேர்ந்தெடுத்த மருத்துவமனையில் அவர்களுடைய கண் மருத்துவர் மறுபடி பரிசோதிப்பார். பிறகு தொடர்பு அலுவலர் காப்பீட்டு அட்டை, ஆதார், குடும்ப அட்டை ஆகியவற்றின் நகல்களையும், நோயாளியின் படத்தையும், பரிசோதனை முடிவுகளையும் சேர்த்துக் காப்பீட்டு நிறுவனத்துக்கு இணையம் வழியாக அனுப்புவார். அங்கே மருத்துவர்கள் பார்த்து அனுமதி தருவார்கள், அல்லது விளக்கம் கேட்பார்கள். விளக்கம் கேட்பது மறுப்பதாகாது. பெரும்பாலும் ஒரு ஸ்கேன் படமோ தெளிவான நகலோ விட்டுப்போயிருக்கும். இரண்டு நாளாகப் பதில் இல்லையென்றால், வீட்டில் காத்திருக்காமல், மேசைக்குப் போய் என்ன கேட்டிருக்கிறார்கள் என்று தெரிந்துகொள்ளுங்கள்.

இந்த இடைவெளியில் சர்க்கரையையும் ரத்த அழுத்தத்தையும் கட்டுக்குள் கொண்டுவர வேண்டும். அனுமதி வந்தும், சர்க்கரை அதிகம் என்று அறுவை தள்ளிப்போகிறவர்கள் பலர். ரத்தத்தை நீர்க்கச் செய்யும் மாத்திரை சாப்பிடுகிறவர் அதை மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும். தாமாக நிறுத்திவிடக் கூடாது.

பணம் கேட்டால்

அனுமதிக்கப்பட்ட சிகிச்சைக்குத் தொகுப்புத் தொகை ஒன்று உண்டு. அந்தச் சிகிச்சைக்கான அறை, அறுவை, மருந்து, பரிசோதனை எல்லாம் அதில் அடக்கம், நோயாளியிடம் தனியாக வாங்கக் கூடாது. ஆனால் "திட்டத்தில் வரும் லென்ஸ் சாதாரணமானது, இதைப் போட்டால் பார்வை பளிச்சென்று இருக்கும், வித்தியாசத்தை மட்டும் கட்டுங்கள்" என்ற பேச்சு, அறுவைக்கு முந்தின நாள் மாலையில், உறவினர்கள் பயந்திருக்கும் நேரத்தில் வரலாம். அப்போது மறுப்பது கடினம் என்பதை நான் அறிவேன். "எதற்கு எவ்வளவு என்று எழுதிக் கொடுங்கள், யோசித்துச் சொல்கிறோம்" என்று மரியாதையாகச் சொன்னாலே பாதிப் பேச்சு நின்றுவிடும். திட்டத்தில் வரும் லென்ஸ் கண்ணைக் கெடுக்கும் லென்ஸ் அன்று.

எழுதித் தராமல் பணம் கேட்டால் 1800 425 3993 என்ற எண்ணிலேயே புகார் செய்யலாம். மாவட்ட ஆட்சியர் தலைமையில் இந்தத் திட்டத்துக்கென்று குறைதீர் குழு ஒன்று இருக்கிறது. திங்கட்கிழமை மனுநாளில் மனு கொடுத்தாலும் அது அங்கே போகும். முதல்வரின் முகவரி என்ற 1100 எண்ணும் இருக்கிறது. ரசீது, அனுமதி எண், பேசியவர் பெயர், தேதி ஆகியவை இல்லாத புகாரை யாராலும் விசாரிக்க முடியாது என்பதால்தான் சீட்டின் பின்புறம் குறிக்கச் சொன்னேன்.

கண்புரைக்குத் தனி வழி

முதியவர்களின் பார்வை மங்கலுக்குப் பெரும்பாலும் கண்புரைதான் காரணம், அதற்குக் காப்பீட்டு அட்டையே தேவைப்படாமல் போகலாம். 1976இல் தொடங்கிய தேசியப் பார்வையிழப்புத் தடுப்புத் திட்டத்தின் கீழ், மாவட்டப் பார்வையிழப்புத் தடுப்புச் சங்கத்தின் ஏற்பாட்டில், அரசு மருத்துவமனைகளிலும் அறக்கட்டளை மருத்துவமனைகளிலும் உள்வில்லை, அதாவது கண்ணுக்குள் பொருத்தும் லென்ஸ், வைத்து அறுவை இலவசமாகச் செய்யப்படுகிறது. ஊரில் நடக்கும் கண் முகாமில் பெயர் கொடுத்தால், பேருந்தில் மருத்துவமனைக்கு அழைத்துப்போய், அறுவை செய்து, சாப்பாடு போட்டுத் திரும்பக் கொண்டுவந்து விடுவது நம் ஊர்களில் பழகிய காட்சி. முகாமில் நடப்பது பரிசோதனை மட்டுமே, அறுவை முறையான மருத்துவமனை அரங்கில்தான் நடக்கும் என்பதை மட்டும் உறுதி செய்துகொள்ளுங்கள்.

"முற்றட்டும், பிறகு எடுக்கலாம்" என்பது பழைய காலத்துப் பேச்சு. அன்றாட வேலைக்கு இடைஞ்சலாகும் அளவுக்கு மங்கினாலே எடுத்துவிடலாம். மிகவும் முற்றவிட்டால் அறுவைதான் கடினமாகும்.

குழந்தைகள் விஷயத்தில்

34 வாரத்துக்கு முன்போ 2 கிலோவுக்குக் குறைந்த எடையிலோ பிறந்த குழந்தைக்கு, பிறந்து 30 நாளுக்குள் விழித்திரைப் பரிசோதனை நடந்தாக வேண்டும். பிரசவம் பார்த்த மருத்துவமனை சொல்லாவிட்டாலும் நீங்கள் கேளுங்கள். இதில் தாமதமானால் பார்வை திரும்பாது, சரியான நேரத்தில் பார்த்தால் லேசரில் காப்பாற்றிவிட முடியும். கண்மணி வெள்ளையாகத் தெரிந்தாலோ, புகைப்படத்தில் ஒரு கண் மட்டும் வெள்ளையாக மின்னினாலோ அது கண்புரையாகவோ கண் புற்றுக்கட்டியாகவோ இருக்கலாம் என்பதால் அதே வாரத்தில் மருத்துவரிடம் போக வேண்டும். மாறுகண் அதிர்ஷ்டம் என்று விட்டுவிடுவது இன்னும் சில வீடுகளில் நடக்கிறது; அந்தக் கண் பார்க்கப் பழகாமலே போய்விடும். அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பள்ளியிலேயே பரிசோதனை செய்து கண்ணாடி கொடுக்கும் ஏற்பாடு உண்டு. பலகை தெரியவில்லை என்று பிள்ளை சொன்னால் தலைமையாசிரியரிடம் தெரிவியுங்கள்.

வீடு திரும்பும் நாள்

மருத்துவமனையிலிருந்து கிளம்பும்போது கையெழுத்துக் கேட்கும் தாள்களில் சிகிச்சையின் பெயரும் தொகையும் நிரப்பப்பட்டிருக்கின்றனவா என்று பார்த்துவிட்டுக் கையெழுத்திடுங்கள். வெற்றுத் தாளில் வேண்டாம். மீதித் தொகை எவ்வளவு இருக்கிறது என்று கேட்டுக்கொள்ளுங்கள், இரண்டாவது கண்ணுக்கோ வீட்டில் வேறொருவருக்கோ அதே ஆண்டில் தேவைப்படலாம். வெளியேற்றக் குறிப்பு, ஸ்கேன் படங்கள், வைத்த லென்ஸின் ஒட்டுச்சீட்டு ஆகியவற்றை ஒரே உறையில் வையுங்கள். பிறகு வேறு ஊரில் வேறு மருத்துவர் பார்க்க நேர்ந்தால் அவர் முதலில் கேட்பது அவற்றைத்தான்.

மறு பரிசோதனைக்கு வரவேண்டிய தேதிகளையும், அவற்றில் எதற்குக் கட்டணம் உண்டு, எதற்கு இல்லை என்பதையும் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். கண்புரை அறுவையாக இருந்தால் புதுக் கண்ணாடியின் அளவு ஒரு மாதத்துக்கு மேலான பிறகே நிலைக்கும். அதுவரை எந்தக் கடையிலும் கண்ணாடி போட வேண்டாம். அளவு நிலைத்த பிறகு மருத்துவமனையில் அதை எழுதி வாங்கிக்கொண்டு வந்து, விலை கட்டுப்படியாகிற கடையில் செய்துகொள்ளலாம்.